வேலாத்தாள் தோட்டத்துக் கிருமி

"உங்க சோதனையில ஏதோ தப்பு இருக்குங்க மேடம்," என்றார் சென்னியப்பன்.

ஆபிதா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்ன தப்பு?"

"மாட்டுகிட்ட இருக்கற ரகக் கிருமி வேற எந்த மிருகத்துகிட்டயும் இல்ல."

சென்னியப்பன் பல வருஷமாக மாட்டு டாக்டர். ஐம்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டு, தன்னைவிட ரொம்ப இளையவரான பேராசிரியை ஆபிதாவிடம் மாணவராகச் சேர்ந்தவர். வைத்தியத்தையும் விடவில்லை.

வேலாத்தாள் தோட்டத்தில் கறவை மாடுகளுக்கு அடுத்தடுத்து மடிவீக்கம். ஒன்று செத்தே போனது. பாலைச் சோதித்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. தொழுவத்துக்குப் பக்கத்துப் பட்டியில் நின்ற அவளுடைய ஆடுகள்தான் காரணம் என்றார், அங்கே வைத்தியம் பார்த்துவந்த சென்னியப்பன். டாக்டரே சொன்ன பிறகு வேலாத்தாள் யோசிக்கவில்லை. அன்றைக்கே ஆடுகளைக் கறிக்கடைக்கு ஓட்டிவிட்டாள்.

ஓட்டுவதற்கு முன் ஆடுகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்திருந்தார் சென்னியப்பன். நாயிடமும் கோழிகளிடமும் எடுத்தார்.

எல்லாவற்றிலும் அதே பெயர்க் கிருமிதான். ஆனால் ஆளுக்கொரு ரகம். சோதனைப் படத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வரிசைக் கோடுகள் விழும். மாட்டின் கோடுகள் ஆட்டோடு சேரவில்லை. நாயோடும் சேரவில்லை, கோழியோடும் சேரவில்லை.

"இன்னும் ஒரு மிருகம் பாக்கி," என்றார் ஆபிதா.

"அங்க வேற மிருகமே இல்லீங்களே."

ஆபிதா ஒரு பஞ்சுக்குச்சியை உறையிலிருந்து பிரித்தார். தன் மூக்கில் விட்டுச் சுழற்றி, குழாயில் போட்டு மூடினார்.

இன்னொன்றை அவரிடம் நீட்டினார்.

சென்னியப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் மூக்கிலும் விட்டு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் படம் வந்தது.

ஆபிதாவின் கோடுகள் எதோடும் சேரவில்லை.

அதற்கடுத்த வரிசையைப் பார்த்த சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். மாட்டின் வரிசையும் அவருடைய வரிசையும் ஒன்று. கோட்டுக்குக் கோடு.

கை பின்னால் நாற்காலியைத் தேடியது.

மடிக்காம்பில் மருந்து ஏற்றிய கை. ஒரு மாட்டை விட்டு அடுத்த மாட்டுக்கு, கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிய கை.

"அந்த ஆடுக..." என்றார். படத்தின் மேல் குனிந்தார்.

ஆபிதா குறிப்பேட்டைத் திறந்தார்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். "மேடம், மாட்டுகிட்டயிருந்து எனக்கு வந்திருக்கலாமில்லீங்களா? நான்தான் கொடுத்தேன்னு இந்தப் படம் சொல்லலையே."

"சொல்லல. மாட்டுகிட்டயிருந்தும் வந்திருக்கலாம்."

சென்னியப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அங்கயிருந்து அப்புறம் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போனீங்க, டாக்டர்?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். இன்னொன்றைச் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும் முன், கழுவாமல் ஓடிய தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.