மாமனார் காரின் கீச்சுச் சத்தம்

தாராபுரத்துப் பக்கம் சிகாமணி என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்றால் இப்போதும் இருக்கிறார். யோசிக்கிறவர்களுக்குத்தான் ரத்தக் கொதிப்பெல்லாம் வரும், அவருக்கு என்ன கேடு?

அவருடைய மாமனார் பொங்கியண்ணனிடம் ஒரு பழைய கார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் போதும், வால் மிதிபட்ட பெருச்சாளி மாதிரி கீச்சென்று கத்தும். காசிக்குப் புறப்பட்ட மாமனார் காரை மாப்பிள்ளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுச் சொன்னார்: "நான் திரும்பி வர்றப்ப இந்தச் சத்தம் நின்னிருந்தா வண்டி உங்களுக்குங்க மாப்ள. இல்லீன்னா பெரிய மாப்பிள்ளைக்குக் குடுத்துப்போடுவேன்."

பெரிய மாப்பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே சிகாமணிக்கு வயிறு எரியும். அந்த மனுஷன் எப்போதோ வீட்டு மிக்சியைத் தானே ரிப்பேர் செய்துவிட்டு, போகிற விசேஷத்திலெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்தார். காரும் அவருக்குப் போய்விட்டால் சிகாமணி சொந்தபந்தத்தில் தலை காட்டவே முடியாது.

அதனால் மிகுந்த அக்கறையோடு, மாமனார் வருகிற நாள் வரைக்கும் சும்மா இருந்தார். அன்று காலையில் மெக்கானிக் ரங்கராசுவுக்குப் போன் போட்டார். ரங்கராசு காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"பவர் ஸ்டியரிங் பெல்ட் தேஞ்சிருக்குங்க. புதுசு வாங்கிட்டு வந்து மாட்டுனாச் சரியாப் போயிரும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. சொல்லாத எதையும் செஞ்சுபோடாதீங்க" என்றார்.

சொன்னதை மட்டும் செய்வதில் சிகாமணியையும் அவருடைய கூட்டாளிகள் நாச்சிமுத்து, குப்புராசு இருவரையும் அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்து மூவரும் பானெட்டைச் சுற்றி நின்றார்கள்.

போனில் ரங்கராசு சொன்ன முதல் கட்டளை, வண்டி சூடு ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நின்ற பானெட்டில் நாச்சிமுத்து ஒரு கையை வைத்தார். இன்னொரு கையைத் தன் நெற்றியில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே சூடாத்தான் இருக்குது" என்றார்.

குப்புராசு முகம் வாடிவிட்டது. "அப்படீன்னா உனக்குக் காய்ச்சல்டா."

நாச்சிமுத்துவைக் கட்டிலில் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, போர்த்திவிட்டார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியதும் வண்டி ஆறிவிட்டது என்று தீர்மானித்து அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இரண்டாவது கட்டளை, பேட்டரி வயரைக் கழற்றுவது. கழற்றினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, பழைய பெல்ட்டை எடுப்பது. அது இறுக்கமாக இருந்தது. ரங்கராசு எடுக்கச் சொன்னாரே தவிர எப்படி என்று சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. குப்புராசு அரிவாளைக் கொண்டுவந்து ஒரே அறுப்பாக அறுத்து எடுத்தார்.

"புதுசை, பழசு மாதிரியே மாட்டோணுங்க. அப்படியே அச்சு அசலா இருக்கோணும்" என்றார் ரங்கராசு.

மூவரும் இரண்டு பெல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழசு நீளமாகக் கிடந்தது. புதுசு வட்டமாக இருந்தது.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்" என்றார் சிகாமணி.

"மாத்தலை, பத்திரமா மூடிக் குடுத்திருக்கான். நாமதான் பிரிச்சுக்கோணும்" என்றார் நாச்சிமுத்து. காய்ச்சல் விட்டதில் அவருக்கு மூளை தெளிந்திருந்தது.

புதுசையும் அதே அரிவாளால் பிரித்தார்கள். பிறகு அதை என்ஜினில் இருந்த சின்னச் சக்கரங்களில் சுற்றிவிட்டு எப்படிக் கட்டுவது என்று பெரிய விவாதம். கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சா, நெல்லு மூட்டைக்குப் போடுகிற முடிச்சா? ஓடுகிற பொருள் என்பதால் கன்றுக்குட்டி முடிச்சே தகும் என்று முடிவாயிற்று.

"பெருவிரல்ல அமுக்கிப் பாருங்க, கொஞ்சமா அமுங்கோணும்" என்றார் ரங்கராசு.

குப்புராசு அமுக்கினார். அமுங்கியது. விரலை எடுக்கச் சொல்லாததால் அப்படியே நின்றார். உச்சி வெயில் சாய்ந்தது. மறுபடியும் போன் போட்டுக் கேட்டபோது ரங்கராசு பந்தியில் இருந்தார்.

"விரலை எடுங்க சாமி. அவ்வளவுதான் வேலை. இனி நான் கூப்பிடற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க" என்றார். பிறகு கூப்பிடவே இல்லை.

"பேட்டரி வயரு?" என்று குப்புராசு இழுத்தார்.

"அவரு மாட்டச் சொன்னாரா? நாமளா எதையாச்சும் மாட்டி, வண்டி கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் சிகாமணி. அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

சிகாமணி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கினார். கீச்சு இல்லை. வேறு எந்தச் சத்தமும் இல்லை. சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மாப்பிள்ளையின் மூஞ்சியை நினைத்து மனசார மகிழ்ந்தார்.

வண்டி மட்டும் நகரவில்லை. புது பெல்ட் அல்லவா, கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்று கூட்டாளிகள் பின்னால் போய்த் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார்கள்.

பொங்கியண்ணன் கங்கைத் தீர்த்தச் சொம்போடு பஸ்ஸை விட்டு இறங்கி, காரின் முன்சீட்டில் ஏறினார். வண்டி கிளம்பியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வளைவு வந்தது, கீச்சு வரவில்லை. பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தார்.

"முள்ளு அடியில கிடக்குது, அப்பவும் ஓடுது பாருங்க. மைலேஜும் ஏறிப்போச்சு மாப்ள" என்றார். கொஞ்ச தூரம் போனதும் புருவத்தைச் சுருக்கினார். "பின்னாடி மட்டும் என்னமோ புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குதுங்களே."

சிகாமணி அவசரமாகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கைக்கு எட்டிய கார் பெரிய மாப்பிள்ளை வீட்டை நோக்கித் திரும்புவது போலிருந்தது. "நம்ம நாச்சிமுத்துவும் குப்புராசுவுந்தாங்க மாமா. ஓடியாறாங்க, மூச்சு வாங்குது."

"வண்டிய வெச்சுக்கிட்டு அவங்களை எதுக்கு ஓட விடறீங்க? ஏறிக்கச் சொல்லுங்க."

இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். கார் நடுரோட்டில் நின்றது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நான்கு பேரும் நேராகப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெகு நேரம் கழித்துப் பொங்கியண்ணன் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார்.

"இப்பத்தான் சுத்தமாச் சத்தம் நின்னிருக்குது. வண்டி உங்களுக்குத்தான் மாப்ள. கொஞ்சம் மெதுவாவே ஓட்டுங்க."