வீட்டுச் சத்தம் பிடிக்காத மைக்

“வீட்டுச் சத்தம் பிடிக்காத மைக் எது டீச்சர்?” என்று கேட்டார் அமலதாஸ்.

டீச்சர் பிலோமினா திண்டுக்கல்லில் ஒரு டயர் கடை மாடியில் இருந்தார். மாதா கோயில் பாடகர் குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுப்பவர். அமலதாசைவிட இருபது வயது சின்னவர். கற்றுக்கொள்ள வந்தபின் வயதை யார் பார்ப்பது?

“என்ன ரெக்கார்ட் பண்ணப் போறீங்க சார்?”

அமலதாஸ் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

“கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரிக்காக கிட்டார்ல ஒரு ட்யூன் போட்டேன். இந்த மாசம் எங்களுக்கு இருபத்தஞ்சாவது வருஷம். சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அன்னைக்கு அதைப் போட்டுக் காட்டணும்.”

“இதுவரைக்கும் எதுல எடுத்தீங்க?”

“போன்லதான். கிட்டார் கிணத்துக்குள்ளேருந்து கேக்குது. மிக்சியும் குக்கரும் மட்டும் ஜோராக் கேக்குது.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏழு மைக்குகளின் பெயர்கள். பெண் பார்க்கப் போகிறவர் ஜாதகக் கட்டு கொண்டுவருவது மாதிரி கொண்டுவந்திருந்தார்.

பிலோமினா தாளைப் படிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய மைக்கை எடுத்தார். அதன் தலையிலிருந்த கம்பி வலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

“இதை லேப்டாப்ல சொருகுங்க. கிட்டாருக்கு ஒரு சாண் தள்ளி வைங்க. ஆன் பண்ணதும் வாசிச்சிடாதீங்க. ஒரு நிமிஷம் சும்மா இருங்க.”

“அது எதுக்கு டீச்சர்?”

“வீட்டுச் சத்தம் மட்டும் தனியாப் பதியணும். எது இரைச்சல்னு தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் அதைக் கழிக்கும்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அமலதாஸ் லேப்டாப்பும் மைக்குமாக வந்தார். முகமெல்லாம் பல்.

“பிரமாதமான மைக் டீச்சர்! கிட்டாரைத் தவிர ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. இதே மாடல் சொல்லுங்க, வாங்கிடறேன்.”

பிலோமினா இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் போட்டார்.

“முதல் நிமிஷத்தைக் கேப்போம்.”

“அதுல என்ன இருக்கு? நான்தான் வாசிக்கவே இல்லையே.”

குழாயில் தண்ணீர் விழுந்தது. பாத்திரம் கழுவும் சத்தம். நடுவே ஒரு பெண் குரல், வாய் திறக்காமல், ஒரு மெட்டை முனகியது.

அமலதாசுக்குத் தெரிந்துவிட்டது. அவர் போட்ட மெட்டுதான். மனைவி செலின் அதை ஓர் இடம்கூடப் பிசகாமல் வைத்திருந்தாள்.

அப்போது ஸ்பீக்கர் அலறியது.

“ஏய்! வாயை மூடித் தொலைய மாட்டியா? சனியன், இந்த வீட்டுல ஒரு நிமிஷம் நிம்மதி உண்டா?”

அமலதாசின் குரல். கோயிலில் அதிர்ந்து பேசாத மனிதர் என்று பெயரெடுத்த அதே அமலதாஸ்.

முனகல் நின்றது. குழாய் மூடப்பட்டது. ஒரு தட்டை மெல்ல, மிக மெல்ல, கீழே வைக்கும் சத்தம். பிறகு ‘டக்’ என்று ஒரு சுவிட்ச்.

“அது என்ன சத்தம் சார்?”

“அடுப்படி ஃபேன். அவதான் நிறுத்தினா.”

“எவ்வளவு நேரம் வாசிச்சீங்க?”

“சரியா வரல, சரியா வரலன்னு… ஒன்றரை மணி நேரம்.”

மே மாதம். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது.

“முடிச்சிட்டு எந்திரிச்சப்போ சேலை முதுகோட ஒட்டியிருந்துச்சு டீச்சர். பார்த்தேன். ஏன்னு கேக்கல.”

அமலதாசுக்கு, மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் இப்படி மாட்டிக்கொண்டோமே என்றுதான் முதலில் வெட்கமாக இருந்தது. அந்த நேரத்திலும் தன் மானத்தைத்தான் நினைத்தோம் என்று தெரிந்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது.

“அழிச்சிடுங்க டீச்சர்.”

பிலோமினா அழித்தார். மைக்கைத் துணியில் சுற்றி மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

“இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க.”

“பாட்டையா?”

“பாட்டு வேண்டாம். வீட்டுச் சத்தத்தோட அந்த முதல் நிமிஷம் மட்டும்.”

பஸ்ஸில் வழிநெடுக அமலதாஸ் ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மன்னிச்சுக்கோ. ஒரே வார்த்தைதான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அதைச் சொல்லாமலே உள்ளே போனார். மைக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

செலின் மைக்கைப் பார்த்தாள்.

கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

“செலின், நீ எங்கயும் போக வேணாம். இங்கயே இரு.”

“சத்தம் வந்துடும்ங்க,” என்றாள் அவள். கோபமே இல்லை. “எத்தனை மணிக்கு வரட்டும்?”