பையிலேயே இருந்த கல்

“‘உங்களுக்கு அந்தக் கல்லுதான் பெருசுன்னா, கல்லோடயே குடும்பம் நடத்துங்கம்மா.’ வார்த்தை மாறாமச் சொல்றேன் சாமி. பெத்தவகிட்ட இப்படியா பேசுவான் ஒருத்தன்?”

அம்சவேணி இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். மகனும் மருமகளும் பேரனைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் நடத்தும் ஆற்றங்கரை மடத்தில் தினமும் எண்பது பேருக்குச் சோறு. அவர் அம்சவேணியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் அம்சவேணியின் குரல் கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான்.

“கல்லுக்கு என்ன ஆச்சும்மா?”

“சூடு சட்டியை அப்படியே சமையல் மேடையில வச்சிட்டா என் மருமக நிவேதிதா. பால் மாதிரி வெள்ளைக் கல்லு. மஞ்சளா ஒரு வட்டம். என்ன தேய்ச்சாலும் போகலை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கேட்டேன். கேக்கக் கூடாதா? ‘உங்க வீட்டுல மண்ணடுப்புதானே, உனக்கு இதோட அருமை எங்க தெரியப்போகுது’ன்னேன். அதுக்கு ஒரு கோபமா?”

சாமியம்மா பூச்சி அரித்த இலை ஒன்றைத் தனியே எடுத்துப் போட்டார்.

அம்சவேணி பையைத் திறந்தாள். கல் கடையில் கேட்டு வாங்கிய மாதிரித் துண்டுகள். மார்பிளில் இரண்டு, கிரானைட், எவர்சில்வர் தகடு, சுவரில் ஒட்டுகிற டைல்ஸ்.

“மேடையைப் பேத்துட்டுப் புதுசாப் போடப்போறேன். கறை படியக் கூடாது, கீறல் விழக் கூடாது, சூடு தாங்கணும். அடுப்புக்குப் பின்னாடி சுவருக்கும் அப்படித்தான். சண்டைக்கே இடமில்லாத மாதிரி ஒண்ணு போட்டுட்டா அவங்க திரும்பி வந்துடுவாங்க. எதுன்னு சொல்லுங்க.”

“நான் என்ன கொத்தனாரா? வச்சிட்டுப் போங்க. பத்து நாள் கழிச்சு வாங்க.”

பத்தாம் நாள் விடிந்ததும் வந்து நின்றாள்.

மடத்து அடுப்பின் பக்கத்தில் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. புளித்தண்ணீர் பட்ட இடத்தில் மார்பிளின் பளபளப்பு போயிருந்தது. சாம்பல் நிற கிரானைட்டில் எண்ணெய் ஊறித் திட்டாக நின்றது. எவர்சில்வர் முழுக்கக் கீறல். டைல்ஸ் இரண்டின் இடுக்கில் மஞ்சள் ஏறியிருந்தது.

“ஒண்ணுகூடத் தேறலையே! உங்க ஆளுங்க இங்க சமைக்கிறாங்களா, மல்யுத்தம் பண்றாங்களா?”

“ஒண்ணு தேறிச்சு.”

சாமியம்மா மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்சவேணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள்.

“இதுதான் சாமி! இதைத்தான் தேடினேன். என்ன கல்லு இது?”

“உங்க வீட்டுல இருக்கிற அதே கல்லு. நீங்கதான் கொண்டுவந்தீங்க.”

“அதெப்படி? இதுல ஒண்ணுமே படலையே.”

“அதை மட்டும் இன்னைக்கு வரைக்கும் பையை விட்டு எடுக்கலைம்மா.”

அம்சவேணி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்க வீட்டுல சமையல் எங்கே?”

“பின்னாடி, தகரக் கொட்டகையில. உள்ள சமைச்சா சுவரெல்லாம் எண்ணெய் தெறிக்குமே. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான். உள்ளே இருக்கிறது பார்க்கிறதுக்கு.”

“சித்திரை வெயில்லயும் மருமக அங்கேதானா?”

“நானும்தான் அங்க நின்னேன்.”

“அப்போ அன்னைக்கு மட்டும் ஏன் உள்ளே வந்தா?”

அம்சவேணி கல்லை முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“மழை. கொட்டகை ஒழுகி அடுப்பு நனைஞ்சுபோச்சு. பேரனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். அன்னைக்குத்தான் ‘பசிக்குது’ன்னான். அவசரத்துல உள்ள வந்து கஞ்சி வச்சா.”

“வட்டம் எத்தனை அங்குலம் இருக்கும்?”

“ஆறரை.” யோசிக்கவே இல்லை.

“பிள்ளை கஞ்சி குடிச்சானா?”

அம்சவேணி கல்லைக் கீழே வைத்தாள்.

சாமியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அம்சவேணி கைபேசியை எடுத்து நிவேதிதாவை அழைத்தாள். எட்டு மாதத்தில் இதுதான் முதல் முறை. மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில் யாரோ எடுத்தார்கள். பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. அப்புறம் அடுப்பை அணைக்கும் சத்தம்.

“நான்தாம்மா. வச்சுடாதே. நான் ஒண்ணும் சொல்ல வரலை.”

அம்சவேணி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அன்னைக்கு அவன் கஞ்சி குடிச்சானா? அதை மட்டும் சொல்லும்மா.”