நட்டுவிட்டு மறந்தவர்கள்

வெயிலாம்பாளையத்தில் புத்திக்குப் பஞ்சம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது வீண்பழி. அங்கே பஞ்சம் மழைக்கு மட்டும்தான். புத்தி வேண்டிய அளவு இருந்தது, எடுத்துச் செலவு செய்யத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அதிலும் நாச்சிமுத்துவும் அவன் கூட்டாளிகள் சென்னியப்பனும் அர்த்தனாரியும் படு சிக்கனம்.

நாச்சிமுத்துவின் மனைவி பாவாயிக்கு வீட்டு வாசலில் நாலு பூ பூக்க வேண்டும் என்று ஆசை. ஊட்டியிலிருந்து ரோஜாச் செடி வாங்கி வந்தார்கள். குளிரில் பிறந்த செடி, கம்பளி இல்லாமல் தூங்காது என்று சித்திரை வெயிலில் மூவரும் சேர்ந்து அதற்குக் கம்பளி போர்த்தினார்கள். மூன்றாம் நாள் செடி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பாவாயி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

தங்கையின் பிரசவத்துக்காகத் தாய்வீடு கிளம்பும்போது அவள் கறாராகச் சொன்னாள்: “ஏனுங்க, ஆறு மாசங் கழிச்சு வருவேன். வாசல்ல பூ இருந்தா இருப்பேன். இல்லீன்னா அம்மா ஊட்டுக்கே போயிருவேன். பொறவு நீங்க கம்பளியப் போத்திக்கிட்டு ஒத்தையில கெடங்க.”

பாவாயியின் திட்டுக்கூட விழாத வீட்டில் பொழுது எப்படி விடியும் என்றே நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு டவுன் நர்சரிக்கு ஓடினான்.

நர்சரிக்காரர் விவரமானவர். “நம்ம வெயிலுக்கு வெளியூர்ச் செடி தாங்காதுங்க. நம்ம மண்ணுக்குப் பொருத்தமானதா வையுங்க. ஆவாரை இருக்குது, நொச்சி இருக்குது. வேர் புடிக்கற வரைக்கும் ரெண்டு மாசம் தண்ணி ஊத்துங்க. அப்புறம் ஒரு சொட்டு ஊத்தாதீங்க. நட்டதையே மறந்துருங்க. அதுபாட்டுக்குப் பூக்கும்.”

“பொருத்தம்னு சொல்றாரு,” என்றான் அர்த்தனாரி. “ரெண்டு பக்கமும் கேக்காம நாம முடிவு பண்ணப்படாது.”

உடனே ஊருக்குத் திரும்பி, வாசல் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆவாரஞ்செடிக்கு முன்னால் நாச்சிமுத்து தட்டை நீட்டினான்.

“நல்லாப் பாத்துக்க சாமி. புடிக்கலீன்னா இப்பவே சொல்லிரு.”

செடி தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றது.

“வெக்கப்படுது. சம்மதந்தான்,” என்றான் சென்னியப்பன். இப்படியே ஏழு செடிகளிடமும் சம்மதம் வாங்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

இரண்டு மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். செடிகள் முழங்கால் உயரம் வந்தன. கெடு முடிந்த மறுநாள் பார்த்து, வராத மழை வந்து பிடித்துக்கொண்டது.

“ஒரு சொட்டு ஊத்தப்படாதுன்னாரே!” என்று நாச்சிமுத்து அலறினான்.

“நாம ஊத்தலியே. வானந்தானே ஊத்துது?” என்றான் சென்னியப்பன்.

“செடிக்கு அது தெரியுமா? இத்தனை நாளும் ஊத்துனது நாமதான். இப்பவும் நம்மளத்தான் சந்தேகப்படும்.”

பேச்சில் நியாயம் இருந்தது. ஆளுக்கு இரண்டு குடை பிடித்து ஆறு செடிகளைக் காப்பாற்றினார்கள். ஏழாவது செடியிடம் மட்டும் மழை விடும்வரை அர்த்தனாரி, “நாங்க இல்லீங்க, நாங்க இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம்தான் பெரிய வேலை, மறக்கிற வேலை. அதற்காகவே மூவரும் தினமும் விடியற்காலையில் கூடினார்கள்.

“மறந்துட்டியா?” என்று கேட்பான் நாச்சிமுத்து.

“மறந்துட்டேன். எதைக் கேக்கற?” என்பான் சென்னியப்பன்.

“வாசல்ல நட்டமே, அந்த ஏழு செடியை.”

“கெடுத்தியே! ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து இப்பத்தான் மறந்து வெச்சேன்.”

பத்து நாள் இப்படியே போயிற்று. வாசல் கண்ணில் படும்வரைக்கும் இது நடக்காது என்று முடிவாகி, வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே சென்னியப்பனின் காட்டுச் சாளைக் குடிசைக்குக் குடிபோனார்கள். வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பாவாயி வருகிற நாள் வந்தது. மூவரும் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, தெருவுக்குள் நுழைந்தார்கள்.

வாசலே தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. நொச்சியில் ஊதாப் பூ, அதைச் சுற்றித் தேனீக்கள். காலை பஸ்ஸிலேயே வந்துவிட்ட பாவாயி, தன்னிடமிருந்த மறுசாவியால் வீட்டைத் திறந்து பெட்டியை வைத்துவிட்டு, பூக்களைத் தடவிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நாச்சிமுத்து தெருவை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தான். “ஏப்பா, நம்ம ஊட்டைக் காணோமே!”

“இதே எடந்தானே?” என்றான் சென்னியப்பன்.

“நம்ம வாசல்ல இருந்தது முழங்கால் ஒசரம் ஏழு குச்சி. பூ ஏது? இது ஆரோ புண்ணியவான் ஊடு.”

“ஆனா, நிக்கறது பாவாயியாட்ட இருக்குதே?”

அர்த்தனாரி யோசித்தான். “பாவாயியா இருந்தா இந்நேரம் திட்டியிருக்கோணும். திட்டுனாளா?”

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். திட்டு விழவில்லை.

“ஏனுங்க, அங்கயே நின்னா எப்படி? உள்ள வாங்க,” என்று பாவாயி கனிவாகக் கூப்பிட்டாள்.

அந்தக் கனிவைக் கேட்டதும் இருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. நாச்சிமுத்து நாலடி பின்வாங்கிக் கும்பிட்டான். “மன்னிச்சுக்கோங்கம்மா. நான் கண்ணாலம் ஆனவன். இன்னொருத்தங்க ஊட்டுக்குள்ள கால் வெச்சேன்னு தெரிஞ்சா எம் பாவாயி கொன்னே போட்டுருவா.”

சொல்லிவிட்டு எடுத்தான் ஓட்டம். பாவாயி வந்து இறங்கியதும், வீடு தொலைந்த விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, காலில் விழுந்தாவது நிறுத்திவிட வேண்டும் என்று மூவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று நாளாக வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்துப் பார்க்கிறார்கள். பாவாயி திட்டுவதற்கு வாயைத் திறந்தாலே சிரிப்புத்தான் வருகிறது. அதனால் வேளாவேளைக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

நேற்று மத்தியானம் குழம்புச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அவள் போகிற திசையையே பார்த்துக் கண் கலங்கினான் நாச்சிமுத்து.

“தங்கமான பொம்பளை. கொழம்பு எம் பாவாயி வெக்கற மாதிரியே இருக்குது. இப்பேர்ப்பட்டவளை ஒத்தையில உட்டுப்போட்டு இவ புருஷன் எங்கே சுத்தறானோ, கூறுகெட்டவன்!”