மகாராணிக்கு வந்த கரும்பு வண்டி

கொன்றையூர் ராஜா இளங்கண்டனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் போதும், அந்தக் கணமே ஓலை எழுதும் திருமேனி எதிரில் நிற்க வேண்டும். திருமேனி வீட்டில் சோற்றில் கை வைத்திருப்பான். சேவகன் வந்து நிற்பான். தலைக்கு எண்ணெய் வைத்திருப்பான், சேவகன் நிற்பான். சேவகன் வராத நேரத்திலும் அவன் காது வாசலில்தான் கிடக்கும். பெண்டாட்டி "உப்பு போதுமா?" என்றால், "உத்தரவு மகாராஜா" என்பான்.

இப்படியே போனால் என்ன ஆகும்? ஆயிற்று. பட்டத்து யானைக்கு ஒரு வண்டிக் கரும்பு, மகாராணிக்குத் திருவிழாப் பட்டு என்று எழுத வேண்டியவன், மாற்றி எழுதிவிட்டான். யானை பட்டை மென்று துப்பியது. அந்தப்புர வாசலில் கரும்பு மலையாய்க் குவிந்தது.

"என்னை யானை என்கிறானா?" என்றாள் மகாராணி.

அவ்வளவுதான். திருமேனியை நாடு கடத்த உத்தரவாகிவிட்டது.

சபையிலிருந்த சாத்தப்பனுக்குச் சுருக்கென்றது. சந்தையில் உப்பு விற்று, பேரம் பேசிப் பேசியே சபைக்கு வந்து சேர்ந்த ஆள் அவன். கோபம் மூக்குமேல் இருக்கும். மாட்டுக்குக்கூடப் பொழுது சாய்ந்தால் நுகத்தடியை அவிழ்க்கிறோம், மனுஷனுக்கு அவிழ்க்கக்கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு எழுந்தான்.

"மகாராஜா, செய்தது தப்புதான். ஆனால்..."

"என்ன ஓய் ஆனால்? நானும்தான் ஓயாமல் நாட்டையே நினைக்கிறேன். தவறினேனா?"

"நினைப்பது வேறு, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது வேறு. ஒரு நாள் திருமேனி மாதிரி இருந்து பாருங்கள். யார் எப்போது வந்தாலும் பதில் சொல்ல வேண்டும். தவறாமல் இருந்தால் அவனோடு நானும் ஊரைவிட்டுப் போகிறேன். தவறினால் அவனை விட்டுவிட வேண்டும்."

"ஒரு மாதம் இருக்கிறேன்!"

"ஒரு நாளே அதிகம். வேண்டுமானால் சாயங்காலம்வரை வைத்துக்கொள்ளலாம்."

ராஜா மீசையை முறுக்கி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ராஜாவின் உச்சியில் எண்ணெய் வைத்ததும் ஏரிக்காவல்காரன் வந்தான். "மடையைத் திறக்கவா மகாராஜா?" ரசம் ஊற்றும்போது லாயக்காரன். "குதிரைக்குக் கொள்ளா, புல்லா?" சாப்பிட்டுக் கண் அசந்தபோது கொத்தனார். "மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா?" பிறகு கொஞ்ச நேரம் யாருமே வரவில்லை. ராஜா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது வந்தார்களா?"

"இல்லை மகாராஜா."

"ஏன் இன்னும் வரவில்லை?"

சாயங்காலம் ராஜாவும் மகாராணியும் சாத்தப்பனையும் சேவகனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். தீபாராதனை முடிந்தது. மணிச்சத்தம் நின்றது. ராஜாவுக்குக் கண் சொருகியது. எதிரே யாரோ நிற்பது மட்டும் தெரிந்தது. சாமியைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"சரி சரி, கேட்டாச்சு. போய்விட்டு நாளைக்கு வா!"

குருக்கள் கற்பூரத் தட்டோடு திரும்பி ராஜாவைப் பார்த்தார்.

சாத்தப்பன் பணிவாகக் குனிந்தான். "மகாராஜா, சாமியையே போகச் சொல்லிவிட்டீர்கள். நாடு கடத்தும் ஓலையில் யார் பெயரைப் போடட்டும்?"

"வேண்டுமென்றா சொன்னேன்? மனசு இங்கே இல்லை ஓய்!"

"திருமேனிக்கும் அதே கதைதான். அவன் உடம்பு மட்டும்தான் வீட்டுக்குப் போகிறது. மனசை நீங்கள் விடுவதே இல்லை."

மகாராணிதான் முதலில் சிரித்தாள். "எனக்காவது ஒரு வண்டிக் கரும்பு வந்தது. பாவம் சாமி!"

ராஜா அசடு வழிந்தார். "சரி, திருமேனி இருக்கட்டும். இனி விளக்கு வைத்தபின் யாரையும் கூப்பிடமாட்டேன்."

"சாப்பாட்டு நேரத்திலும்," என்றான் சாத்தப்பன்.

"சரி."

"எண்ணெய்க் குளியல் அன்றைக்கும். கோயிலுக்குள் வரும்போது செருப்பை வெளியே விடுகிறோமே, அதுபோல எழுத்தாணியை அரண்மனையிலேயே விட்டுவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் பெண்டாட்டிக்கு ஒரு பட்டுச் சேலையும் கொடுக்க வேண்டும்."

"யானை மென்றதா?"

"புதுசு மகாராஜா!"

ராஜாவுக்குத் தன் உத்தரவு தனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. "ஆகா, மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். யாரங்கே! ஓடிப்போய்த் திருமேனியைக் கூட்டி வா!"

பக்கத்தில் நின்ற சேவகன் அசையவில்லை.

"உன்னைத்தானடா!"

சேவகன் எரியும் விளக்குகளைப் பார்த்தான், சாத்தப்பனைப் பார்த்தான், பிறகு பயபக்தியோடு கைகட்டிச் சொன்னான்:

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. நான் வீட்டுக்குப் போய் வெகுநேரம் ஆயிற்று."