இல்லாத வீட்டுக்கு நிலைப்படி

அம்மி கொத்துற சடையனுக்குக் கம்மாக்கரைப் புளியமரத்தடிதான் குடித்தனம். பொண்டாட்டி பூவாயி மாசமானதும், அங்க இங்க புரட்டி ஒரு குட்டி வீடு வாங்கிட்டான். மொத மொதலா வீடு வாங்குறவனுக்குப் பாதி வரி தள்ளுபடின்னு ராஜா தண்டோரா போட்டிருந்தாரு. முழு வரியும் கட்டச் சொன்னா சடையன் வீட்டை வித்துத்தான் கட்டணும்.

வரி வசூலிக்கிற வீரபாகு தலப்பாவைத் தடவிக்கிட்டே, "இதுக்கு முன்னால உனக்கு வீடே இல்லையா? அப்போ அந்த இல்லாத வீட்டை என் கண்ணுல காட்டுடா, தள்ளுபடி தாரேன்"னாரு.

"அதுக்கென்ன சாமி, வாங்க!"ன்னு புளியமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனான் சடையன். வேடிக்கை பாக்க ஊரே பின்னால வந்துச்சு.

மரத்துக்கிட்ட வந்ததும், "சாமி, குனிங்க! நிலைப்படி தட்டிரும்!"னு கத்துனான். வீரபாகு படக்குனு குனிஞ்சாரு. தலப்பா உருண்டு ஓடுச்சு. ஊரே கொல்லுன்னு சிரிச்சுது.

"எங்கடா இருக்கு நிலைப்படி? வீடும் இல்ல, வாசலும் இல்ல, வெறும் மரந்தாண்டா நிக்குது!"

"கேட்டுக்கோங்க சனங்களே! எனக்கு வீடு இல்லேன்னு சாமி வாயாலயே சொல்லிட்டாரு!"

அத்தனை பேரு முன்னால சொன்னதை முழுங்க முடியுமா? பாதி வரி தள்ளுபடியாச்சு.

மீதிப் பாதியை வாங்க மறுநாள் சடையன் வீட்டுக்கு வந்தாரு வீரபாகு. "குனிஞ்சு வாங்க சாமி"ன்னா பூவாயி.

"இன்னொருக்கா ஏமாற நான் என்ன கேனயனா?"ன்னு நெஞ்சை நிமுத்திக்கிட்டு நுழைஞ்சாரு.

ணங்!

"சாமி, இது இருக்கிற வீடு"ன்னான் சடையன். பூவாயி மஞ்சப்பத்து அரைக்கப் புது அம்மிக்கு ஓடுனா.