மேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கிணறு

ரொம்ப காலத்துக்கு முந்தி சேந்தநாட்டை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தது உடனே நடக்க வேண்டும் அவனுக்கு. கோட்டையிலிருந்து துறைமுகம் வரை யார் வேண்டுமானாலும் ஏறிப் போகக் குதிரை வண்டிகள் விட்டான். அதற்கு நேர்கோடாய் ஒரு மேட்டுச் சாலை போட்டவர் தளவாய் கெங்கமுத்து. வண்டி வேகம் குறையாதிருக்க, சாலையை யாரும் குறுக்கே கடக்கக் கூடாதென்று உத்தரவும் வாங்கிவிட்டார்.

ஒருநாள் உப்பளக் குடியிருப்பிலிருந்து முத்துக்கருப்பி என்பவள் சபைக்கு வந்தாள்.

"சாலையைக் குறை சொல்ல வந்திருக்கிறாள், மகாராஜா" என்றார் தளவாய்.

"இல்லைங்க. மகாராஜா எங்க வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணி குடிக்கணும். அவ்வளவுதான்."

ராஜா சிரித்துக்கொண்டே மறுநாள் தளவாயோடு போனான். உச்சிவெயில். நாக்கு வறண்டது.

"தண்ணீர் எங்கேயம்மா?"

"கிணறு சாலைக்கு அந்தப் பக்கமுங்க. சுத்தித்தான் போகணும்."

"கூப்பிடு தூரம். இதற்கா இத்தனை அலட்டல்?" என்றார் தளவாய்.

"அப்ப ஐயாவே கொண்டாரட்டுங்களே."

ராஜா தலையசைத்தான். குடத்தோடு போன தளவாய் பொழுது சாயும்போதுதான், பாதித் தண்ணீரோடு நொண்டிக்கொண்டு வந்தார். அதற்குள் அதே சுற்றுவழியாய்த் தண்ணீர்க் குடங்களோடு பல பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள்.

"முன்பே ஏன் சொல்லவில்லை?" ராஜாவின் குரல் இறங்கியிருந்தது.

"சாலைக்கு அளவுக்கல் நடும்போதே சொன்னோமுங்க. 'ராஜாவுக்கு எல்லாம் தெரியும்'னு தளவாய் ஐயா சொன்னாருங்க."

தளவாய் தலை கவிழ்ந்தார்.

"எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை" என்றான் ராஜா. முத்துக்கருப்பி நீட்டிய செம்பை அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடம் கொடுத்தான். "சாலையை இடித்துவிடட்டுமா?" என்று முத்துக்கருப்பியைக் கேட்டான்.

"வேண்டாமுங்க. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்த வண்டி எங்களத் தாண்டித்தான் போச்சு, நிக்கல. தூக்கிக்கிட்டு நடந்தேன். வண்டி இங்க நிக்கட்டும். கிணத்துக்குப் போக சாலைக்கு அடியில ஒரு வழி போடுங்க. போதும்."

ராஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடிவழி முடியும்வரை தளவாய் அந்தக் குடியிருப்பிலேயே தங்கி, தினமும் சுற்றிப் போய்த் தண்ணீர் சுமந்தார். இனி எந்த ஊரில் கல் நடுவதானாலும், முதலில் அந்த ஊராரைக் கேட்டு வரும் பொறுப்பு முத்துக்கருப்பிக்கு வந்தது.

வழி திறந்த அன்று ராஜாவை முதலில் நடக்கச் சொன்னார்கள்.

"குடத்தோடு நிற்பவர்கள் போகட்டும்" என்று ஒதுங்கி நின்றான் அவன். கடைசிக் குடம் கடக்கும்வரை தலை நிமிரவே இல்லை.